குறைகளை விவரிக்கவும்

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்களும் சம்பந்தி ஐயாவும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகள் உங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஒரு நாள்கூட முகம் வாடி அவள் என்னிடம் பேசியதில்லை. அதற்கு நான் உங்களுக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் அடித்தால் என் மகள்தான் முதலில் எடுக்கிறாள். நீங்களே எடுத்தாலும், தவறாக நினைக்க வேண்டாம், பஸ் டிப்போவில் பேசிப் பழகிய உங்கள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். இந்த விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன். அதனால்தான் டிப்போ முகவரிக்கு எழுதுகிறேன்.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்த பிறகு என் கால்கள் பழைய மாதிரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நடமாட்டம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்வீடு காலியாகியிருக்கிறது. என் மாடி வீட்டைவிட வாடகை அதிகம். அந்தத் தொகை கிடைத்தால் கீழே வந்துவிடலாம். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கும் தொடர்ந்து போகலாம். ஜூன் வரை யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்று ஒரே ஒரு வரி: 'தமக்கு ஒரு குறையும் இல்லை என விண்ணப்பதாரரே எழுதியுள்ளார்.'

படிவத்தில் 'குறைகளை விவரிக்கவும்' என்று போட்டு ஒரு பக்கம் முழுக்க இடம் விட்டிருந்தார்கள். நான் என்னத்தை விவரிப்பேன்? மகள் நல்ல இடத்தில் வாழ்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர். கடை முதலாளி மரியாதையாக நடத்துகிறார். அதனால், 'கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை, நடப்பதுதான் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதினேன். அவர்கள் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசிக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். அதற்கு, 'விண்ணப்பதாரரை நேரில் அறிந்த, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவர்' கடிதம் தர வேண்டுமாம். ரத்த சம்பந்தம் இல்லாமல் சம்பந்தம் உள்ளவர் எனக்கு நீங்கள்தான். என் வீட்டில் நான்கு நாள் தங்கியும் இருக்கிறீர்கள். நல்லபடியாக நாலு வார்த்தை எழுதித் தர முடியுமா?

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா

*

மார்ச் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் சம்பந்தி ஐயாவுக்கு மட்டும் ஜலதோஷம். அதை உலகத்தில் யாருக்கும் வராத வியாதி மாதிரி அறை அறையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படிவத்தை இவரிடம் கொடுத்திருந்தால் மறுநாளே பணத்தோடு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

நல்லபடியாக நாலு வார்த்தை வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு என்ன மாப்பிள்ளையா பார்க்கிறார்கள், நல்லபடியாக எழுத? அவர்கள் கேட்பது குறை. அதற்குச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். காப்பியில் சர்க்கரை முதல் கல்யாண மண்டபத்து மின்விசிறி வரைக்கும் நான் குறை சொல்லாதது எதுவும் இல்லை என்று என் மகனே சொல்வான். சம்பந்தியைப் பற்றிக் குறை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்தே ஆள் தேடுகிறார்கள் என்றால், இந்தப் பாக்கியம் எந்த மாமியாருக்குக் கிடைக்கும்?

கிண்டல் இருக்கட்டும். டிப்போவில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். டிரைவர்கள் எழுதித் தரும் விபத்து அறிக்கைகளைப் படித்துச் சரிபார்ப்பது. ஒவ்வொருவரும் வந்து, 'லேசா உரசிடுச்சு மேடம்' என்பார்கள். வெளியே போய்ப் பார்த்தால் வண்டிக்கு முன்பக்கமே இருக்காது. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். அவமானமாக இருக்கிறது, அதனால் வார்த்தை தானாகச் சின்னதாகிவிடுகிறது. நீங்களும் 'லேசா உரசிடுச்சு' என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். படிவத்தின் நகல் இருந்தால் டிப்போ முகவரிக்கே அனுப்புங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது. மாடி கிடையாது, படி கிடையாது. கூப்பிட்டால் வரமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கூப்பிடுவது என் கடமை, கூப்பிட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

*

மார்ச் 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் கையிலிருந்த திருகு கீழே விழுந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தின் திருகு எவ்வளவு சின்னது என்று பார்த்திருக்கிறீர்கள். முதலாளியே மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அறை இருக்கிறது என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்காமலே கூப்பிடுகிற மனசு எல்லோருக்கும் வராது. நன்றி. ஆனால் என்னால் வர முடியாது. நன்றாக இருக்கும்போது வந்து பத்து நாள் சீராடிவிட்டுப் போக ஆசைதான். முடியாமல் போய் அங்கே வந்து உட்கார மனசு ஒப்பவில்லை. என் மகள் உங்கள் வீட்டில் உரிமையோடு நடமாடுகிறாள். என்னைக் கவனிப்பதற்காக அவள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற நிலைமை வந்துவிடக்கூடாது. என் வீட்டுச் சாவி என் கையில் இருக்கும் வரைக்கும்தான் நான் உங்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடியும். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நகல் வைத்திருக்கிறேன். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் சுத்தமாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா

*

மார்ச் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

படிவத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

'எவ்வளவு தூரம் நடக்க முடியும்?' என்று கேட்கிறார்கள். 'கடைக்குப் போய் வருவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? கையை வீசிக்கொண்டு போய் வருகிறீர்கள் என்று நினைப்பார். நான் உங்களோடு கடைக்கு வந்தேனே. தெருவைத் தாண்டுவதற்குள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தீர்கள். மருந்துக்கடைக்காரர் உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே நாற்காலியை எடுத்து வெளியே போட்டார். நீங்கள் என்னிடம், 'இவரு ரொம்ப மரியாதை தெரிஞ்சவரு' என்றீர்கள். மரியாதைக்காக யாரும் தினமும் நாற்காலி போட்டு வைப்பதில்லை. ஒரு தடவை நடந்தால் மறுபடி உடனே நடக்க முடியுமா, நடந்த பிறகு உடம்பு என்ன ஆகிறது என்றெல்லாம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'மெதுவாக' என்று ஒரே பதில்.

'விழுவதுண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருக்கிறது. இதைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'துணையில்லாமல் படி ஏறி இறங்க முடியுமா?' என்று கேட்டதற்கு, 'முடியும்.'

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

போன வருட ஆரம்பத்தில் கண் பரிசோதனைக்கு வந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்தேனே, அதில் கடைசி நாள் காலை. நீங்கள் பால் வாங்கக் கீழே போனீர்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். வெகுநேரம் ஆளைக் காணோமே என்று எழுந்துவந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தீர்கள். பால் பாக்கெட்டை மேல்படியில் வைத்தீர்கள். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அந்தப் படிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். மறுபடி பாக்கெட்டை எடுத்து அதற்கு மேல்படியில் வைத்தீர்கள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். என் மூக்குக்கண்ணாடிக்கு நீங்கள் புதுத் திருகு போட்டுக் கொடுத்ததற்கு மறுநாள் அது. நீங்களே சரிசெய்த கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். தப்பாகப் பார்க்க வழியில்லை.

சத்தம் காட்டாமல் உள்ளே வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நீங்கள் வந்து, 'கீழ்வீட்டம்மா புடிச்சுக்கிட்டாங்க, பேசிக்கிட்டே நின்னுட்டேன்' என்றீர்கள். 'அப்படியா, நான் இப்பதான் முழிச்சேன்' என்றேன் நான்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. என் வாயில் ஒரு விஷயம் தங்கியது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். இப்போது ஆபீஸுக்கு எழுதுவதென்றால் இதைத்தான் எழுத வேண்டும். எழுதி, நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்று சொல்லாமல் அனுப்பமாட்டேன். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப்போடுங்கள், வேறு ஏதாவது செய்வோம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

(இணைப்பு)

மேல்முறையீட்டு அலுவலர் அவர்களுக்கு,

நான் விண்ணப்பதாரரின் மகளுக்கு மாமியார். பஸ் டிப்போவில் விபத்து அறிக்கைகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

விண்ணப்பதாரருக்கு இடது பாதம் தூக்காது, இழுத்துத்தான் வைக்கிறார். வலது முழங்கால் திடீரென்று மடங்கிக்கொள்ளும். வேலைக்குப் போகும் வழியில் பலமுறை நின்றும் உட்கார்ந்தும்தான் போகிறார். போய்ச் சேர்ந்த பிறகு வலி அடங்கும்வரை பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. மாடிப்படியில் அவரால் நடக்க முடியாது. உட்கார்ந்தபடி கைகளை ஊன்றி ஏறுகிறார். இதை நான் நேரில் பார்த்தேன்.

'ஒரு குறையும் இல்லை' என்று அவர் எழுதியது உடம்பைப் பற்றி அல்ல. பெண்ணைக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்களிடம் பேசும் பேச்சு அது. யார் கேட்டாலும் அவருக்கு வாயில் வருவது அதுதான். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

ஏப்ரல் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் வரவில்லை. தபால் தாமதமா, கோபமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிடம் போனில் பேசினீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எப்போதும் கடைசியில், 'அத்தைகிட்ட குடு' என்பீர்கள். இந்தத் தடவை சொல்லவில்லை. 'எங்கம்மாவுக்கு ஏதோ அவசரமாம்' என்று சமாளித்துவிட்டுப் போனாள் அவள்.

எழுதியிருக்கக் கூடாதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. என் வாய்க்குப் பழகிப்போனவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். உங்களுக்கு அது புதுசு என்பதை மறந்துவிட்டேன். மாதம் முடிய அதிக நாள் இல்லை. என்மேல் உள்ள கோபத்தில் கீழ்வீட்டை விட்டுவிடாதீர்கள். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

*

ஏப்ரல் 12

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கோபம்தான். மறைக்கப் போவதில்லை. இனி உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது. யாருக்குத் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து இருந்தேனோ அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உங்களுக்குக் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டே கீழ்வீட்டம்மாவைப் பற்றி இல்லாத கதையெல்லாம் சொன்னேன். நீங்களும் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டீர்கள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. படிவமும் வேண்டாம், கீழ்வீடும் வேண்டாம் என்று உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நேற்றுக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். 'கண்ணாடி லேசா வளைஞ்சிருக்கும்மா, கொஞ்சம் நிமித்திக் குடு' என்று மேஜைமேல் வைத்தார். பார்த்தால் நடுவில் உடைந்து இரண்டு துண்டாக இருக்கிறது.

'ஐயா, இது உடைஞ்சே போச்சு' என்றேன்.

'ஆமா, அதைத்தான் சொல்றேன்' என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாவம், சட்டத்துக்கு விலை அதிகமாகுமோ என்று அந்தப் பெரியவர் பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை எடுத்து, வாய்விட்டு, முழுக்கப் படித்தேன். யாரோ ஒரு அம்மாளைப் பற்றிப் படிக்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது. இவளுக்கு ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று அந்த ஆபீஸ்மேல் கோபம் வந்தது.

அனுப்புங்கள். நானும் என் பங்குக்குப் புதிதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டீர்களே, விழுவதுண்டா என்று. விழப்போகிறேன் என்று தெரிந்ததும் நானாகவே தரையில் உட்கார்ந்துவிடுவேன். அது விழுந்ததில் சேராது என்று நினைத்திருந்தேன். சேரும் என்று இப்போது புரிகிறது. நாளெல்லாம் கடையில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பாத்ரூம் பின்கட்டில் இருக்கிறது, அங்கே போய்வர என்னால் ஆகாது. பால் பொங்கினால் ஓடிப்போய் அடுப்பை அணைக்க முடியாது என்று அடுப்பு முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். படிவத்தை நிரப்பியது கால் நன்றாக இருந்த ஒரு நாளில். அந்த மாதிரி நாள் எனக்கு அபூர்வம். இதையெல்லாம் எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம். படியில் நடுவே நிறுத்தியது முகத்தைத் துடைக்க இல்லை. அழுதேன். நீங்கள் எழுந்திருப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றம்தான். ஆபீஸுக்கு இது தேவையா என்று தெரியாது. உங்களுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா

*

ஏப்ரல் 17

சம்பந்தி அம்மாவுக்கு,

இரண்டையும் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில். ரசீது என் கைப்பையில் இருக்கிறது.

திருத்தத்தைச் சேர்க்கவில்லை. அது எனக்கு எழுதியது, நானே வைத்துக்கொண்டேன்.

பேச்சை நிறுத்திவிடுவீர்களோ என்று உண்மையாகவே பயந்தேன். உங்கள் சம்பந்தி ஐயாவின் ஜலதோஷம் எனக்கு வந்துவிட்டது. அவரைவிட நான் சத்தமாகத் தும்முவதாகக் குறை சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

*

ஜூன் 20

அன்புள்ள சம்பந்திக்கு,

கீழ்வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உதவித்தொகை கிடைத்துவிட்டதை என் மகள் சொல்லியிருப்பாள். உத்தரவு வந்த அன்றே அவளிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். 'அத்தைகிட்ட சொல்லுவ, எங்கிட்ட சொல்லமாட்டியா' என்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, 'அத்தை எப்படிம்மா இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தாங்க' என்று ஆச்சரியப்பட்டாள். அதுதான் எனக்கும் ஆச்சரியம்.

மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பி அலமாரியை இறக்கிக் கொடுத்தார். இப்போது படுக்கையிலிருந்து எழுந்தால் தெரு தெரிகிறது. கடைக்குப் போகும்போது வலி முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பிக்கிறது, மாடிப்படியில் தீர்ந்துபோய்க்கொண்டிருந்த பலம் மிச்சமாகிறது போலிருக்கிறது. 'மெதுவாக' என்று எழுதாமல் சரியாக எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்காகச் சொல்லவில்லை, அதற்கும்தான். என்னை அந்தக் கோலத்தில் பார்த்த பிறகும் இந்த ஒன்றரை வருடமாக, வீட்டு விசேஷம் எதுவானாலும் முதலில் என்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்தீர்கள். என் மகளிடம் ஒரு வார்த்தை இளக்காரமாகப் பேசியதில்லை. என்னைத் தாழ்வாக நினைப்பதற்கு உங்களிடம் காரணம் இருந்தது. நீங்கள் நினைக்கவில்லை. உங்கள் பின்பக்க அறைக்கு நான் வரப் பயந்தது எதற்கு என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. அடுத்த மாதம் பத்து நாள் வந்து தங்குகிறேன். சாவியைக் கையோடு கொண்டுவருவேன்.

நன்றி சொல்லியாகிவிட்டது. இனி ஒரு குறை சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் உங்களைப் பற்றி நான் சொல்லும் முதல் குறை. கொஞ்சம் பெரியதுதான்.

அன்றைக்குக் காலை என்னைப் பார்த்துவிட்டு எதற்காகத் திரும்பி உள்ளே போனீர்கள்? என் மானத்தைக் காப்பாற்ற என்று தெரியும். ஆனாலும் நடுப்படியில் தனியாக உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

கீழ்வீட்டு வாசலிலும் இரண்டு படி இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்துதான் இறங்குகிறேன், தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க. படி நல்ல அகலம். நீங்கள் வரும்போது, நாம் இரண்டு பேரும் உட்கார இடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி